புது வரவு

ஜப்பானில் டொமிக்கா கார் சேகரிக்கிறவர்களுக்கு மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, நமக்குத் தீபாவளிப் படம் ரிலீஸ் ஆகிற நாள் மாதிரி. 1970இல் ஆறே ஆறு ஜப்பானியக் கார்களோடு தொடங்கிய அந்தப் பொம்மைக் கார் வரிசைக்கு இன்றும் புது வண்டிகள் அந்த நாளில்தான் வருகின்றன. புதுசு ஒன்று உள்ளே வந்தால் பழசு ஒன்று பட்டியலை விட்டு வெளியே போகும். சில வண்டிகளுக்கு முதல் சரக்கில் மட்டும் வேறு நிறம் பூசி அனுப்புவார்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் குடியிருக்கும் எனக்கு இந்தச் சங்கதியெல்லாம் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் தெரியும். தபால் ஆபீஸில் ஆர்.டி. கட்ட வேண்டிய தேதி மறந்திருக்கிறது, மூன்றாவது சனிக்கிழமை மறந்ததில்லை.

நான் ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். பேரிங், ஸ்பிண்டில் டேப், டிராவலர், பெல்ட் என்று எங்கள் ஸ்டோர்ஸில் ஆயிரக்கணக்கில் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பின் கார்டு. வரவு, செலவு, இருப்பு, அதன் பக்கத்தில் என் இனிஷியல். இருப்பில் இருக்கிற சாமானையே வாங்கச் சொல்லி இண்டென்ட் வந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர் தம்பிகள் பலர் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது இந்த விஷயத்தில்தான். "ஸ்டோர்ஸ்ல வந்து பாத்துட்டு எழுதுங்க தம்பி, ரெண்டு ரெண்டா வாங்கறதுக்கு இதென்ன மாமியார் வீட்டுச் சீரா?" என்பது என் வாடிக்கையான வசனம். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

பழக்கம் மகனை வைத்துத்தான் தொற்றியது. அவன் ஐந்தாவது படிக்கும்போது சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில், கம்பியில் அட்டை அட்டையாகத் தொங்கும் ஹாட் வீல்ஸ் கார்களைப் பார்த்து அடம்பிடிப்பான். ஒன்று வாங்கிக் கொடுத்தால் வீடு வந்து சேரும்வரை சத்தம் இருக்காது. ஏழாவது போனதும் அவன் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டான். நான் அந்தக் கம்பிக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன்.

நிற்க நிற்க விவரம் சேர்ந்தது. அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி 1968இல் பதினாறு கார்களோடு ஹாட் வீல்ஸைத் தொடங்கியது. கடைக்கு வரும் பெரிய பெட்டியில் 72 கார்கள் இருக்கும். 1995இலிருந்து 'ட்ரெஷர் ஹண்ட்' என்று சில கார்களை ஊடே ஒளித்து வைக்கிறார்கள். அதில் பின்னால் வந்த 'சூப்பர்' ரகத்துக்கு மினுமினுக்கும் பெயின்ட், பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டயர். விலை என்னவோ அதே விலைதான். யார் கண்ணில் படுகிறதோ அவருக்கு யோகம். கடையில் சரக்குப் பிரிக்கிற நாளைத் தெரிந்துகொண்டு, பிரிக்கிற பையனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, மில்லுக்கு லேட்டாகப் போயிருக்கிறேன். ஐம்பதைத் தொடப்போகிற ஆள், பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய் அட்டைகளைப் புரட்டிவிட வேண்டும் என்று ஸ்கூட்டரை விரட்டுவேன். பிள்ளைகள் வரும்போது கம்பியில் மிஞ்சியிருப்பது யாரும் சீந்தாத, பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் சுறா மீன் கார்தான்.

அத்தோடு நின்றிருந்தால் மாதம் ஐந்நூறு, அறுநூறோடு போயிருக்கும்.

ஹாட் வீல்ஸில் லாரியும் காரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். அட்டைக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நிஜ வண்டியில் 64இல் ஒரு பங்கு என்று கறாராகச் செய்கிறவர்கள் வேறு. மினி ஜிடி, டார்மாக் வொர்க்ஸ் என்றெல்லாம் பெயர்கள். அந்த அளவில் ஐந்தரை அடி மனிதன் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருப்பான். பக்கவாட்டுக் கண்ணாடி மூன்று மில்லிமீட்டர், அதற்கும் தனியாக வெள்ளிப் பூச்சு. முதல்முறை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. விலை ஆயிரத்துச் சொச்சம் என்று கேட்டபோதும் வரவில்லை.

நம் நாட்டில் இந்தச் சரக்கு கிடைப்பதும் லேசில்லை. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளின் இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60க்கு ஏற்றினார்கள், 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உள்ளூர் பொம்மைத் தொழிலுக்கு அது நல்லதாக இருக்கலாம். என்னைப் போன்ற ஆளுக்கு அது ஆசையைக் கிளறிவிட்டது. கிடைக்காது என்று சொன்னால்தானே நமக்குத் தேவை என்றே தெரிகிறது.

இந்த வியாபாரத்தில் முதலில் வருவது கார் இல்லை, படம். அதுவும் போட்டோ இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்தது. 'புது வரவு, முன்பதிவு ஆரம்பம்' என்று விற்பனையாளர் வாட்ஸாப்பில் போடுவார். போட்ட நிமிடத்தில் முன்பணம் அனுப்ப வேண்டும், யோசித்தால் போய்விடும். கார் வந்து சேர ஆறு மாதமும் ஆகலாம், பத்து மாதமும் ஆகலாம். வந்ததும் மீதிப் பணம் கட்டினால் கூரியரில் வரும். படம் வருகிற அந்த நிமிடத்தில் நெஞ்சில் ஒரு படபடப்பு ஏறுமே, அதைச் சொல்லி மாளாது. கார் வருகிற அன்றைக்கு அது இருக்காது. அதற்குள் வேறு படம் வந்திருக்கும்.

பெட்டியைப் பிரிப்பதில்லை. பிரித்தால் மதிப்பு போய்விடும் என்பது எங்கள் வட்டாரத்து வேதவாக்கு. வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நம்பரைப் படித்து, பீரோவின் மேல் தட்டில் அடுக்கிவிடுவேன். பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அந்த வாடகை மகனின் காலேஜ் ஃபீஸுக்காக ஆர்.டி.யில் போவதாக ஏற்பாடு. போய்க்கொண்டுதான் இருந்தது. பிறகு ஒரு மாதம் விட்டேன். விட்ட மாதத்தை அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். கடைசியில் கணக்கையே முடித்து எடுத்துவிட்டேன். பாஸ் புத்தகம் இருக்கும் டிராயர் சாவி என்னிடம்தான் இருந்தது.

இந்தக் காலத்தில்தான் எனக்கு நிபுணர் பட்டம் கிடைத்தது. மில்லில் அக்கவுன்ட்ஸில் ஒரு தம்பி இருந்தான். என்னைப் பார்த்துத்தான் அவனுக்கும் இந்தக் கிறுக்கு பிடித்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு வகுப்பு எடுப்பேன். தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்று மகளுக்குச் சொல்லிவிட்டதால் லண்டனில் ஜாக் ஓடெல் என்பவர் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார், அதிலிருந்துதான் 1953இல் மேட்ச்பாக்ஸ் வந்தது என்பேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் லிவர்பூலில் செய்த டிங்க்கி கார்களில் பல, வைத்த இடத்திலேயே வெடித்துப் பொடிந்துபோயின, துத்தநாகத்தில் ஈயம் கலந்துவிட்டதுதான் காரணம் என்பேன். டிபனைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பான். "ஏனுங்ணா, இதெல்லாம் எங்கீங்ணா படிக்கறீங்க?" என்பான். அப்படி ஒருவன் கேட்டால் யாருக்குத்தான் தலை கனக்காது?

ஒரு நாள் சேகரிப்பாளர்கள் கூடுமிடத்தில், அட்டை இல்லாமல் உதிரியாக ஒரு ஹாட் வீல்ஸ் கிடைத்தது. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார், மஞ்சள் நிறம், அங்கங்கே பெயின்ட் உதிர்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் 1982 என்று பொறித்திருந்தது. நாற்பது வருடப் பழசு! விற்கிறவருக்கு விவரம் தெரியவில்லை என்று நினைத்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் அறுநூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்தத் தம்பி அதைப் பார்த்தான், கேட்டான். எனக்கு அப்போது ஒரு முன்பதிவுக்குப் பணம் தேவைப்பட்டது. ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்தேன். "உனக்குன்னதால குடுக்கறேன் தம்பி" என்று வேறு சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து மில் வேலையாக கணபதி பக்கம் ஒரு பேட்டர்ன் பட்டறைக்குப் போயிருந்தேன். பம்பு ஊருக்கே பேட்டர்ன் செய்து கொடுக்கிற பழைய ஆள். பேச்சுவாக்கில் பெருமையாக அந்தக் காரின் கதையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த உளியை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது டை வெட்டுன வருசமா இருக்குமுங்க. ஊத்துன வருசம்னு எப்படிச் சொல்றீங்க? நம்ம பம்பு பாடியிலகூட பேட்டர்ன் நம்பர் நிக்குமில்ல. இன்னைக்கு ஊத்துனாலும் அதே நம்பர்தானே விழும்?"

கோயம்புத்தூர்க்காரனுக்கு டை காஸ்டிங் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எஃகு அச்சு செய்யத்தான் காசு, அதை வைத்து வார்ப்பது மலிவு. அதனால் ஒரு டை செய்துவிட்டால் அது தாங்கும்வரை வார்த்துக்கொண்டே இருப்பார்கள். நிறத்தை மாற்றுவார்கள், பக்கத்தில் கோடு போடுவார்கள், சக்கரத்தை மாற்றுவார்கள். அட்டையில் புது வருடம் போட்டு வரும். அடியில் பொறித்திருக்கும் ஆண்டு மட்டும் அப்படியே நிற்கும். எங்கள் ஊரில் டீக்கடையில்கூடப் பேசுகிற விஷயம் இது. நான் அதை ஒரு பொம்மைக் காருக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து என்னிடமிருந்த உதிரிக் கார்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆண்டு பொறித்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சின்னதாக ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் குத்தியிருந்தன. முன்பும் பார்த்திருக்கிறேன், என்னவோ குறி என்று விட்டிருக்கிறேன். எழுத்து தயாரித்த ஆண்டு, எண் வாரம். 2008க்கு ஏ, 2009க்கு பி என்று போகிறது. தம்பியிடம் விற்ற காரில் எச் 27 என்றிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. 2015. மில்லுக்கு வரும் ஒவ்வொரு பேரிங் பெட்டியிலும் பேட்ச் நம்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான்.

மறுநாள் அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கேன்டீனில் நாலு பேருக்கு அந்தக் காரைத் திருப்பிக் காட்டி "எய்ட்டி டூ மாடல்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் டம்ளரைக் கழுவப் போனேன்.

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். 'புது வரவு' என்று வருவதில் பாதி, பழைய டையில் புதுப் பெயின்ட் என்று தெரிந்துவிட்டதே. ஆனால் தெரிந்தது வேறு, வாட்ஸாப்பில் படம் வரும்போது கட்டைவிரல் செய்கிற காரியம் வேறு.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் கூரியர் வந்தது. என் மனைவிதான் வாங்கி வைத்தாள். "ஏனுங்க, உங்க பொட்டி வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு முருங்கைக் கீரை உருவ உட்கார்ந்துவிட்டாள். கரும்பச்சை லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110. அந்த 110 என்பது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள அங்குலக் கணக்கு. 64ஆல் வகுத்தால் நாலரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இந்த மாதிரிக் கணக்கெல்லாம் எனக்கு அத்துபடி.

மேல் தட்டில் இடமில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, முன் வரிசையை ஒரு பக்கமாக ஒதுக்கினேன். பின் வரிசையிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வெளியே வைத்தேன். மூன்றாவது பெட்டியில் கை வைத்தபோது, என் இடது கையில் இருந்த பெட்டியே அங்கேயும் இருந்தது. அதே கரும்பச்சை, அதே கோணத்தில் எடுத்த படம்.

நம்பர் வேறாக இருக்கும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரே நம்பர். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து மறுபடி படித்தேன்.

ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. மண்டை அப்போதும் வேலை செய்தது. ஒரே காரை இடது பக்க ஸ்டீயரிங், வலது பக்க ஸ்டீயரிங் என்று இரண்டு விதமாக விடுவார்கள். அப்படித்தான் இருக்கும். அப்படியானால் இது டூப்ளிகேட் இல்லை, ஜோடி. ஜோடியாக வைத்திருக்கிறவர்கள் நம் வட்டாரத்தில் எத்தனை பேர்? மனசு லேசாகிவிட்டது. ஆனால் பார்க்க வேண்டுமே. பார்க்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும்.

காய் நறுக்கும் கத்தியின் முனையால் மூடியை நெம்பினேன். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன் டார்ச்சை அடித்து, முன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்டீயரிங். வலது பக்கம். பழைய பெட்டியைப் பிரித்தேன். டார்ச்சை அடிக்கவே தேவையில்லாமல் தெரிந்தது. அதுவும் வலது பக்கம்.

அந்தப் பழையதைத் தூக்கினேன், வரவில்லை. வெயிலில் வெந்த பீரோவில் மாதக்கணக்காக இருந்ததில் டயர்கள் பிளாஸ்டிக் தட்டோடு லேசாக ஒட்டியிருந்தன. இழுத்தபோது தட்டில் நாலு கறுப்புத் தடம். காரைத் திருப்பினேன். பின் கதவில் ஸ்பேர் சக்கரம் இருந்தது. அதன் பக்கத்தில் கூரைக்கு ஏற ஒரு ஏணி, தலைமுடி மாதிரி மெல்லிய படிகள். இந்தக் காரில் ஏணி இருக்கிறது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

என் மனைவி கீரைக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களா?"

"இல்ல, ஒண்ணு வந்து..." என்று ஆரம்பித்தேன். அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்றைக்கு ராத்திரி, மில்லில் கழித்துப்போட்ட பழைய லெட்ஜர் ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். வரிசை எண், கம்பெனி, வண்டி, நிறம், விலை, வாங்கிய மாதம். டிஃபெண்டர் மட்டும்தான் அச்சு அசலாக இரண்டு. ஆனால் ஒரே டையில் பெயின்ட் மட்டும் மாறிய நிசான் ஸ்கைலைன் நாலு இருந்தது, போர்ஷே மூன்று இருந்தது. எங்கள் மில்லில் வருடத்துக்கு ஒருமுறை 'நான்-மூவிங்' பட்டியல் எடுப்போம். வாங்கி வைத்து, ஒரு வருடமாக யாரும் கேட்டு வராத சாமான்கள். அந்தப் பட்டியலை முதலாளி முன்னால் வைக்கும்போது எந்த டிபார்ட்மென்ட்காரர் முகமும் நன்றாக இருக்காது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "படிங்க, கேக்கறேன்" என்றாள்.

படித்தேன். மூன்றாவது வரியில் நிறுத்தினாள். "இது எப்படி இருக்குமுங்க?"

"நீலக் கலர்."

"அதான் எழுதியிருக்கீங்களே. பாக்கறதுக்கு எப்படி இருக்குமுன்னு கேட்டேன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்ததைப் படித்தேன். மறுபடி அதே கேள்வி. அவள் குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். நான் மட்டும் படித்துக்கொண்டே போனேன். கடைசியில் கூட்டுத் தொகை வந்தது, இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதைப் படித்த கையோடு ஆர்.டி. விஷயத்தையும் சொல்லிவிட்டேன். தனியாகச் சொல்லியிருந்தால் தைரியம் வந்திருக்காது.

அவள் எழுந்து போய், மறுநாள் தோசைக்கு அரைத்த மாவை ஃபிரிட்ஜில் எடுத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

மகனுக்கு அந்த வருட ஃபீஸ் கட்ட அவளுடைய வளையல் கூட்டுறவு சங்கத்துக்குப் போனது. திருப்புவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, வட்டி தனி. அதற்காகக் கார்களை விற்க ஆரம்பித்தபோதுதான், 'மதிப்பு' என்று நாங்கள் ஓதிக்கொண்டிருந்ததன் லட்சணம் தெரிந்தது. ஆயிரத்து நானூறுக்கு வாங்கியதை எழுநூறுக்குக் கேட்டார்கள். அதே காரை அதற்குள் வேறு நிறத்தில் விட்டிருந்தார்களாம், எல்லோருக்கும் அதுதான் வேண்டுமாம். நான் வாங்கும்போது பழைய நிறத்துக்காரர்களிடம் இப்படித்தான் பேசியிருப்பேன். பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா, மஞ்சள் தட்டியிருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். ஒருவரும் உள்ளே இருக்கும் காரைப் பற்றிக் கேட்கவில்லை.

விற்காமல் வைத்துக்கொண்டவை ஒரு கை எண்ணிக்கைதான். ஹால் ஷெல்ஃபில் பிரித்து வைத்திருக்கிறேன். டிஃபெண்டர் இரண்டில் டயர் ஒட்டியதை யாரும் எடுக்கவில்லை, அதுவும் அங்கே இருக்கிறது. தூசி துடைக்கும்போது என் மனைவி அதன் ஏணியை உடைத்துவிட்டாள். பசை போட்டு ஒட்டினேன், கோணலாக நின்றுவிட்டது. பழக்கம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்த வாட்ஸாப் குழுவில் இன்னும் இருக்கிறேன். படம் வந்தால் பார்க்கிறேன். பணம் அனுப்புகிற ஆப் இப்போது அவள் போனில் இருக்கிறது.

மிச்சம் இருந்தது அந்த அக்கவுன்ட்ஸ் தம்பி. அவன் அதற்குள் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு மாறியிருந்தான். வளையலைத் திருப்பிய மாதம், ஆயிரத்து ஐந்நூறைக் கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். டீக்கடையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டை, எழுத்து, வாரம், அடியில் இருந்த எச் 27, எனக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகும் வாய் திறக்காதது. கவரை மேஜைமேல் வைத்தேன்.

அவன் தலையைச் சொறிந்தான்.

"ங்ணா, அத நான் போன வருசமே குடுத்துட்டனுங்ணா. எய்ட்டி டூ மாடல்னு சொல்லி ரெண்டாயிரத்து எண்ணூறுக்கு."

யாரிடம் என்று கேட்டேன். கண்காட்சியில் வந்து வாங்கிய யாரோ ஒருவர், பெயர் தெரியாது, ஈரோட்டுப் பக்கம் என்று நினைவு. கவரை அவன் வாங்கிக்கொள்ளவில்லை. டீக்குக் காசும் அவனே கொடுத்தான். போகும்போது அவன் முகத்தில் இருந்த சங்கடம் எனக்காகவா, அவனுக்காகவா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு என்னை அவன் கூப்பிடவில்லை.

அந்தக் கவர் அப்படியே இருக்கிறது. ஈரோடு, பவானி பக்கம் யாராவது மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 1982 மாடல் என்று சொல்லி வைத்திருந்தால், தயவுசெய்து அதைத் திருப்பி, ஆண்டுக்குச் சற்றுத் தள்ளிப் பாருங்கள். எச் 27 என்று இருந்தால், பெரும்பாலும் அது என் கையிலிருந்து போனதாகத்தான் இருக்கும். இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஆயிரத்து ஐந்நூறு தயாராக இருக்கிறது, மீதி ஆயிரத்து முந்நூறையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். கார் எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.